சுறாவுக்கு மந்திரம்! சுரண்டலுக்கு?

முத்துக்குளித்துறையின் பழைய பங்குக் கணக்கு ஒன்றைக் கேளுங்கள், தோழர்களே!

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டியர் ஆண்ட கடற்கரைக்கு வந்த வெனிஸ் நகரத்துப் பயணி மார்க்கோ போலோ எழுதி வைத்த கணக்கு அது. எடுத்த முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு! இருபதில் ஒரு பங்கு, சுறாமீன் கடிக்காதபடி மந்திரம் ஓதியவருக்கு! அந்த மந்திரமும் பகலுக்கு மட்டுந்தான். இரவானதும் கட்டை அவிழ்த்து விடுவார்களாம். ஏன்? இருட்டில் எவனும் மூழ்கி, தனக்கென்று ஒரு சிப்பி எடுத்துவிடக் கூடாதல்லவா? காவலுக்கு ஆள் எதற்கு? அச்சமே காவல்!

மூச்சடக்கி மூழ்கியவன் முத்தெடுத்தான். கரையில் நின்று முணுமுணுத்தவன் பங்கெடுத்தான்.

1961க்குப் பிறகு தூத்துக்குடியில் அந்தப் பெரிய முத்துக்குளிப்பு நடக்கவில்லை. ஆனால் மந்திரம் நின்றதா? "எல்லாம் தலைவிதி", "போன பிறவியின் வினை", "அவனவன் எழுத்து" என்ற முணுமுணுப்பு உப்பளத்திலும் துறைமுகத்திலும் இன்றும் கேட்கிறதே! மூட்டை சுமந்து முதுகு வளைந்தவனும் அதைச் சொல்கிறான். பாத்தியில் நின்று பாதம் வெடித்தவளும் அதைச் சொல்கிறாள்.

இந்த முணுமுணுப்பை ஏறத்தாழ 2500 ஆண்டுகளுக்கு முன்பே மறுத்தவர் புத்தர். மந்திரம் ஓதியும், நாள் குறித்தும், குறி சொல்லியும் பிழைப்பது தவறான பிழைப்பு என்று தம் துறவிகளுக்குத் தடை போட்டார். இன்பமும் துன்பமும் முற்பிறவி வினையால் மட்டுமே வருகின்றன என்ற வாதத்தையும் அவர் ஏற்கவில்லை. அப்படியானால் இன்று மனிதன் செய்யும் முயற்சிக்குப் பொருள் என்ன என்று கேட்டார்.

அவர் சொன்ன நான்கு உண்மைகள் மருத்துவன் பேச்சுப் போன்றவை. துன்பம் உண்டு. அதற்குக் காரணம் உண்டு. காரணத்தை நீக்கினால் துன்பம் நீங்கும். நீக்குவதற்கு வழி உண்டு. அவ்வளவுதான்! நோயைக் காட்டி, நோய்முதல் காட்டி, தீரும் என்று தேற்றி, மருந்தையும் எடுத்து நீட்டுகிறார். நற்காட்சி, நல்லூற்றம், நல்வாய்மை, நற்செய்கை, நல்வாழ்க்கை, நன்முயற்சி, நற்கடைப்பிடி, நல்லமைதி என்ற எட்டும் அந்த மருந்து. இதில் காணிக்கை எங்கே? தரகர் எங்கே?

இங்கே ஒருவர் எழுந்து கேட்பார்: "காரணம் ஆசை என்றுதானே புத்தர் சொன்னார்? கூலி உயர்வு கேட்பதும் ஆசைதானே?" நல்ல கேள்வி! முதலாளிக்கு மிகவும் பிடித்த கேள்வி!

புத்தர் சொன்ன வேட்கை வேறு. வயிற்றுப் பசி வேறு. உடலை வாட்டி எலும்பாகிக் கிடந்து பார்த்துவிட்டு, இது வழியல்ல என்று எழுந்து உணவு உண்டவர் அவர். ஆளவி என்ற ஊரில், தொலைந்த மாட்டைத் தேடி அலைந்துவிட்டுப் பசியோடு வந்தான் ஓர் உழவன். முதலில் இவனுக்குச் சோறு போடுங்கள் என்றார் புத்தர். அதன் பிறகே அறம் பேசினார். பசியே பெரும் பிணி என்பது அவர் கண்ட முடிவு என்று பௌத்த நூல்கள் சொல்கின்றன. சோறு கேட்பவனைப் பார்த்து ஆசையை விடு என்று சொல்பவர், புத்தரைப் படித்தவரல்லர். தம் பெட்டியைப் பூட்டியவர்!

இன்னும் கேளுங்கள். சிகாலன் என்ற இளைஞனுக்கு அவர் சொன்ன அறவுரையில் முதலாளியின் கடமைகள் ஐந்து. உடல் வலிமைக்கு ஏற்ற வேலை கொடு. உணவும் ஊதியமும் கொடு. நோயில் விழுந்தால் பார்த்துக்கொள். அரிய பண்டம் கிடைத்தால் பகிர்ந்து கொடு. உரிய காலத்தில் ஓய்வு கொடு. தொழிலாளிக்கும் கடமை சொன்னார்: கொடுக்காததை எடுக்காதே, வேலையைச் செவ்வனே செய். இரண்டு தட்டும் உள்ள தராசு அது! மருத்துவ வசதி, விடுமுறை என்று சங்கம் வைத்துக் கேட்கிறோமே, அவற்றின் வேர் அங்கே இருக்கிறது.

இல்லாதவனுக்கு அரசன் பொருள் வழங்கத் தவறினான். அதனால் வறுமை வளர்ந்தது. வறுமையால் திருட்டு வந்தது. திருட்டால் கொலை வந்தது என்று சங்கிலி கோத்துக் காட்டுகிறது மற்றோர் உரை. திருடனுக்குத் தண்டனை தேடுமுன் திருட்டுக்குக் காரணம் தேடு என்பதுதானே இதன் பொருள்?

சாதிக்கு அவர் கொடுத்த விடை நம் கடற்கரைக்கே பொருந்தும். ஆறுகள் கடலில் கலந்ததும் பெயரை இழக்கின்றன. சங்கத்தில் சேர்ந்தவர் சாதியை இழக்கிறார் என்றார். புன்னைக்காயலருகே கடலில் விழுந்த பிறகு தாமிரபரணி நீரைத் தனியே பிரித்து எடுத்துக் காட்ட எவரால் முடியும்? சொல்லோடு நிற்கவில்லை அவர். நாவிதர் உபாலியைச் சாக்கிய இளவரசர்களுக்கு முன்பாகவே துறவியாக்கினார். முன்னே சேர்ந்தவரை வணங்குவது சங்கத்தின் முறை. இளவரசர் தலைகள் நாவிதர் காலடியில் தாழ்ந்தன!

இது எங்கோ வடக்கே நடந்த கதை என்று ஒதுக்காதீர்கள். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகரின் கல்வெட்டு, மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவ வசதி செய்த நாடுகளில் பாண்டிய நாட்டையும் குறிக்கிறது. படையல்ல, மருந்து வந்தது! 1898இல் அயோத்திதாச பண்டிதர் கொழும்பு சென்று பஞ்சசீலம் ஏற்று, சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் கண்டார். அந்த நாளில் ரயிலைவிட்டு இறங்கிக் கொழும்புக்குக் கப்பலேறும் துறை நம் தூத்துக்குடி. கோலார் தங்கவயலில் பாறை குடைந்த தொழிலாளர்களிடமும் அவருடைய இயக்கம் வேர்விட்டது. 1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் அம்பேத்கர் பௌத்தம் தழுவியபோது, இலட்சக்கணக்கானோர் அவரைத் தொடர்ந்தனர். அவர்கள் தேடியது மேலுலகச் சீட்டா? இல்லை, இவ்வுலகில் நிமிர்ந்து நடக்கும் உரிமை!

தோழர்களே! பஞ்சசீலம் கேட்பது கொஞ்சமே. கொல்லாதே, திருடாதே, பிறன்மனை நாடாதே, பொய் சொல்லாதே, மது குடிக்காதே. கடைசி ஒன்றை மட்டும் சனிக்கிழமைச் சம்பளத்தோடு கைக்கொண்டு பாருங்கள். உங்கள் வீட்டு அடுப்பே சாட்சி சொல்லும்.

கடலில் எங்கே அள்ளினாலும் ஒரே சுவை, உப்பு. என் அறத்துக்கும் ஒரே சுவை, விடுதலை என்ற கருத்தைப் புத்தர் சொன்னார். அந்த உப்பை விளைவிக்கும் ஊரல்லவா இது! அந்த விடுதலையின் சுவையும் நமக்கு வேண்டாமா?

துன்பத்துக்குக் காரணம் உண்டு. தேடுவோம். கண்டதும் நீக்குவோம்!