அசைவுப் படமும் அதன் நிரல்களும்



வரைந்த படங்களைக் கணினியில் அசையச் செய்யும் கலை இன்று பாடசாலை மாணவருக்கும் எட்டியுள்ளது. 1996இல் தோன்றி, 'பிளாஷ்' என்னும் பெயரால் உலகெங்கும் பரவி, 2016இல் 'அனிமேட்' எனப் பெயர் மாறிய மென்பொருள் இத்துறையில் நன்கறியப்பட்டது. அதிலே படம் வரைவதோடு, படத்துக்குக் கட்டளையிடும் நிரல்களையும் எழுதலாம். அந்நிரல்கள் பலவாகும்போது அவற்றை ஒழுங்காகப் பேணுவது எவ்வாறு என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இரணைமடுக் குளத்தைப் பற்றி மாணவர் சிலர் ஒரு படம் ஆக்குவதாகக் கொள்வோம். வினாடிக்கு 24 சட்டகங்கள் ஓடுகின்றன. பொத்தானை அழுத்தும்வரை படம் காத்திருப்பதற்கான நிரல் முதலாம் சட்டகத்தில் உள்ளது. கனகராயன் ஆற்று நீர் குளத்தில் ஏறுவதற்கான நிரல் 120ஆம் சட்டகத்திலும், வான்கதவு திறப்பதற்கான நிரல் 240ஆம் சட்டகத்திலும் உள்ளன.

நிரல் எழுதும் பலகையோ ஒன்றே. காலக்கோட்டில் எச்சட்டகத்தைத் தெரிவு செய்கிறோமோ, அதற்குரிய நிரலையே அது காட்டும். வான்கதவு நிரலை எழுதும் மாணவன், நீர் ஏறும் வேகத்தைப் பார்த்துவர 120ஆம் சட்டகத்தைத் தொட்டால், பலகையிலுள்ள நிரலும் மாறிவிடும். அதனைக் கவனியாது எழுதிச் செல்வானாயின், குளம் நிரம்புமுன்னரே கதவு திறந்துவிடும். சொல்லிலும் இலக்கணத்திலும் பிழையில்லை. ஆதலால் கணினியும் கண்டிக்காது. பிழை இடத்தில் உள்ளது. 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் ஏற்பட்ட வெள்ளத்தைக் கண்ட பிள்ளைகளுக்கு, வான்கதவு எப்பொழுது திறக்கிறது என்பது விளையாட்டுச் செய்தியன்று.

இதற்குப் பரிகாரம் அப்பலகையிலேயே உண்டு. குத்தூசி போன்ற அடையாளத்தை அழுத்தினால், அப்போதுள்ள நிரல் தனித் தலைப்புடன் பலகையில் நிலைத்து நிற்கும். ஒப்புநோக்க வேண்டிய இரண்டையும் அவ்வாறு நிறுத்திக்கொண்டால், காலக்கோட்டைத் தொடாமலே ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறலாம். வேலை முடிந்ததும் ஊசியை எடுத்துவிடல் வேண்டும். எல்லாவற்றையும் குத்தி வைப்பது, மேசையெங்கும் கொப்பிகளைத் திறந்து வைப்பதற்கு ஒப்பானது. பலகையின் இடப்புறத்தே, எந்த அடுக்கில், எந்தச் சட்டகத்தில் நிரல் உள்ளது என்னும் பட்டியல் உண்டு. எழுதுமுன் அதனை ஒருமுறை பார்ப்பது நன்று.

இவற்றினும் சிறந்தது, நிரல்கள் சிதறாமற் காப்பதே. படங்களுள்ள அடுக்குகளில் அவற்றை எழுதாது, மேலே நிரலுக்கென ஓர் அடுக்கை ஒதுக்கினால் தேடும் வேலை குறையும். எங்கள் வன்னிப் பகுதியில், ஒரு கணினியில் மாணவர் பலர் முறை வைத்து அமரும் பாடசாலைகளுக்கு இன்னொன்றும் வேண்டும். ஒவ்வொரு நிரலின் முதல் வரியிலும் இரு சாய்கோடுகளையிட்டு, 'இது வான்கதவுக்குரியது, சட்டகம் 240' எனத் தமிழிலேயே எழுதலாம். கணினி அவ்வரியைப் பொருட்படுத்தாது; அடுத்து வந்து அமரும் மாணவனுக்கோ அதுவே வழிகாட்டி.

எழுதுவதை அறிந்தால் மட்டும் போதாது, எவ்விடத்தில் எழுதுகிறோம் என்பதையும் அறிதல் வேண்டும். இப்பழக்கம் மாணவனுக்குக் கணினிக்கு வெளியேயும் பயன்படும்.