பட்டிப்பளை ஆற்றின் இரு முனைகள்

காரைதீவிலிருந்து மாவடிப்பள்ளி வழியாகச் சம்மாந்துறைக்கும் அம்பாறைக்கும் போகும் வீதிக்கு இரு பக்கமும் வயல். வெயில் காலத்தில் அது வீதி. மாரி கடுத்தால் அதுவே ஆறு. 2024 நவம்பர் 26 அன்று, பிறகு ஃபெங்கல் புயலாக மாறிய தாழமுக்கம் கிழக்கெங்கும் மழையைக் கொட்டிக்கொண்டிருந்தது. நிந்தவூரில் ஓதிக்கொண்டிருந்த மத்ரஸாப் பிள்ளைகளை வீட்டுக்கு ஏற்றிவந்த உழவு இயந்திரம் இந்த வீதியைக் கடக்கும்போது வெள்ளம் அதைப் புரட்டிவிட்டது. இறந்த பிள்ளைகளின் ஜனாஸாக்களை நாட்கணக்கில் தேடி எடுக்க வேண்டியிருந்தது.

அவ்வளவு பாரமான இயந்திரத்தைத் தண்ணீர் எப்படித் தூக்கியது என்று அன்று கேட்காதவர் இல்லை. ஓடும் தண்ணீரின் தள்ளுவிசை அதன் வேகத்தோடு நேராகக் கூடுவதில்லை. வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. விநாடிக்கு ஒரு மீற்றர் ஓடும் நீர், தன்னை மறிக்கும் ஒரு சதுர மீற்றர் பரப்பை ஏறத்தாழ 50 கிலோ பாரத்தின் அளவுக்குத் தள்ளும். வேகம் இரண்டு மீற்றரானால் தள்ளுவது 100 கிலோ அல்ல, 200 கிலோ. தள்ளுவது மட்டுமா, தூக்கவும் செய்கிறது. இரண்டு மீற்றர் அகலமும் மூன்றரை மீற்றர் நீளமும் உள்ள ஒரு பெட்டி 30 சென்ரிமீற்றர் ஆழம் நீருக்குள் இறங்கினால், உள்ளே நீர் புகும்வரை இரண்டு தொன்னுக்கு மேற்பட்ட விசை அதை மேலே ஏந்துகிறது. சக்கரத்துக்கும் தாருக்கும் உள்ள பிடி அந்த அளவுக்குக் குறைந்துவிடும். பக்கத்திலிருந்து வரும் தள்ளுக்கு அதன்பின் பெரிய தடை இருக்காது. கரையில் நிற்பவருக்கோ அது முழங்கால் அளவுத் தண்ணீர்தான். ஓட்டுபவரின் துணிச்சலையோ அனுபவத்தையோ வைத்து இதை அளக்க முடியாது.

நீர் ஏன் இந்த இடத்தில் சேர்கிறது? கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில் எல்லாமே கடல் அலை காலங்காலமாகக் குவித்த மணல் திட்டின் மேல் அமைந்த ஊர்கள். திட்டுக்குப் பின்னால் நிலம் தாழ்கிறது, அதுதான் வயல். மேற்கேயிருந்து வரும் வெள்ளத்துக்குக் கடல் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் திட்டைத் தாண்ட வழி வேண்டும். வழி என்பது முகத்துவாரங்கள். எங்கள் கரையில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றரைக்கூட எட்டாது. ஆகவே மணலை அரித்து வாயைத் திறந்து வைக்கும் பலம் கடலேற்றத்துக்கு இல்லை. மழையில்லாத மாதங்களில் அலை மணலைக் கொண்டுவந்து வாயை அடைத்துவிடும். மாரியில் மனிதர்தான் வெட்டித் திறக்க வேண்டும்.

அப்படி வெட்டுவதை ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். மண்வெட்டியால் இழுத்த ஒடுங்கிய வாய்க்கால் போதும். நீர் ஓடத் தொடங்கியதும் அடியிலுள்ள மணலைக் கிளப்பிக்கொண்டு போகும். மணல் போனதால் வாய்க்கால் ஆழமாகும். ஆழமானதால் இன்னும் கூடுதல் நீர் பாயும். கூடுதல் நீர் இன்னும் கூடுதல் மணலை வாரும். சில மணித்தியாலங்களில் தாண்டிக் குதித்த இடத்தைத் தோணி இல்லாமல் கடக்க முடியாது. எப்போது வெட்டுவது என்பதில் மட்டும் ஊர் ஒருமனப்படாது. பயிர் அழுகுமுன் திறக்கச் சொல்வார் விவசாயி. றாலும் மீனும் வளரட்டும் என்பார் மீனவர். இரண்டு பேச்சிலும் நியாயம் உண்டு.

இந்த ஓட்டத்துக்குக் குறுக்கேதான் வீதி கிடக்கிறது. மண்ணைக் கொட்டி உயர்த்திய வீதி, வயல்வெளி முழுக்கப் பரந்து மெதுவாக வந்த நீரை ஒரு பாலத்துக்கும் தாம்போதிக்குமாக ஒடுக்குகிறது. ஒடுங்கிய இடத்தில் வேகம் கூடும்; வேகம் கூடினால் என்னவாகும் என்பதை மேலே பார்த்தோம். ஒரு சதுர கிலோமீற்றர் நிலத்தில் 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால் அது ஒரு இலட்சம் தொன் தண்ணீர். வீதியின் கீழ் எத்தனை மீற்றர் திறப்பு வேண்டும் என்பதை அந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இதே நீரின் மறுமுனைக்குப் போவோம். பட்டிப்பளை ஆறு, சிங்களத்தில் கல் ஓயா, பதுளைக்குக் கிழக்கேயுள்ள மலைகளில் பிறந்து 108 கிலோமீற்றர் ஓடிக் கல்முனைக்குத் தெற்கே கடலைத் தொடுகிறது. 1949இல் டி. எஸ். சேனநாயக்க அரசு இங்கினியாகலையில் அணையைத் தொடங்கியது. கட்டியது ஓர் அமெரிக்க நிறுவனம். இலங்கையின் மிகப் பெரிய நீர்த்தேக்கமான சேனநாயக்க சமுத்திரம் இப்படி உருவானது. தீவு விட்டுத் தீவுக்கு யானைகள் நீந்திப் போவதைப் பார்க்க உலகமே அங்கே வருகிறது. மலையில் பெய்யும் மழையை இந்தத் தேக்கம் ஏந்திக்கொள்கிறது. அணைக்குக் கீழே, எங்கள் சமவெளியில் விழும் மழையைப் பிடிக்க அதனால் ஆகாது. அணையோடு குடியேற்றமும் வந்தது. 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரிந்து அம்பாறை தனி மாவட்டமானது.

அணைக்கு முன் அங்கே இருந்த காடு வெறும் காடாக இருக்கவில்லை. ஆய்வாளர்களான செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட, பழங்குடியினரான வேடர் பற்றிய நூலில் அந்தப் பக்கத்துத் தனிகல, ஹெனபெத்த வேடர்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். அவர்கள் வேட்டையாடித் தேனெடுத்துத் திரிந்த நிலத்தின் ஒரு பகுதியை நீர் மூடியது. எஞ்சிய காட்டில் பெரும் பகுதி 1954இல் கல் ஓயா தேசியப் பூங்காவானது. முன்னோரின் காட்டுக்குள் போக இப்போது அனுமதி வேண்டும். 1946ஆம் ஆண்டுக் குடித்தொகைக் கணக்கில் வேடர் 2,361 பேர். 1953இல் 803. ஏழு ஆண்டுகளில் அத்தனை பேர் இறந்துவிடவில்லை. பலர் சிங்களவராகவோ தமிழராகவோ பதியப்பட்டார்கள். 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அவர்களுக்குத் தனிப் பிரிவே இருக்கவில்லை. எண்ணப்படாதவருக்கு எத்தனை பாடசாலை, எத்தனை மருந்தகம் வேண்டும் என்று எந்தத் திணைக்களம் கணக்குப் போடும்? இதை ஒரு பெரிய அநியாயமாகவே நான் பார்க்கிறேன்.

பழங்குடியினரின் குரல் எண்ணப்படுமா என்ற இந்தக் கேள்விக்குப் பூமியின் வடகோடியில் வேறொரு முகம் இருக்கிறது. கனடாவின் நுனாவுட் 1999 ஏப்ரல் 1 அன்று தனிப் பிரதேசமானது. இனுவிட் பழங்குடியினரே அங்கே பெரும்பான்மை. ஏறத்தாழ 20 இலட்சம் சதுர கிலோமீற்றர், அதாவது முப்பது இலங்கை. அத்தனைக்கும் ஒட்டாவா நாடாளுமன்றத்தில் ஒரே ஓர் ஆசனம். 2021இல் தெரிவான இனுவிட் பெண்மணி லோரி இட்லவுட் அங்கே எழுந்து பேசும்போது, வீட்டு வசதியும் நீரும் மருத்துவமும் இனுவிட் உரிமையும் ஒன்றாகவே வருகின்றன. காரணம் தரையில் இருக்கிறது. ஆண்டு முழுதும் உறைந்த மண்ணில் சாதாரணக் குழாயைப் புதைத்தால் நீர் உறைந்து குழாய் வெடிக்கும். வீட்டைத் தரையோடு ஒட்டிக் கட்டினால் வீட்டின் சூடே அடிநிலத்தின் பனியை உருக்கி வீட்டைச் சரிக்கும். ஆகவே வீடுகள் கால் வைத்து நிற்கின்றன. பெரும்பாலான ஊர்களில் குடிநீர் லொறியில் வந்து தாங்கியை நிரப்புகிறது. பனிப்புயலில் லொறி நின்றால் நீரும் நின்றது. தெற்கிலிருந்து வரும் திட்டத்துக்கு இந்தத் தரை தெரியாது. தெரிந்தவர் சபையில் இருந்தால்தான் கேள்வியாவது எழும்.

எங்களுக்கும் அப்படி எழுந்தவர்கள் உண்டு. 1989இல் திகாமடுல்லை (அம்பாறை) தேர்தல் மாவட்டத்திலிருந்து நாடாளுமன்றம் போன எம். எச். எம். அஷ்ரப் கேட்டவற்றில் பல்கலைக்கழகம் ஒலுவிலில் வந்தது. கல்முனை, சம்மாந்துறை, பொத்துவில் தொகுதிகளைச் சேர்த்துக் கரையோர மாவட்டம் ஒன்று வேண்டும் என்ற கோரிக்கை இன்னும் கோரிக்கையாகவே நிற்கிறது. தமிழில் ஒரு கடிதம் வாங்கவும் வெள்ள நிவாரணத்துக்குக் கையொப்பம் வாங்கவும் கரையைவிட்டு உள்ளே அம்பாறையிலிருக்கும் கச்சேரிக்குப் போகும் மக்களுக்கு அது வெறும் அரசியல் கோரிக்கை அல்ல. அஷ்ரபின் இன்னொரு கனவான ஒலுவில் துறைமுகம் 2013இல் திறக்கப்பட்டது. ஆனால் அலை இந்தக் கரையோரமாக மணலை வடக்கே நகர்த்திக்கொண்டே இருப்பது. அலைதடுப்புச் சுவர் அந்த மணலை மறித்ததால் துறைமுக வாய் மணலால் அடைபட்டது. மணல் வராமல்போன வடக்குப் பக்கத்தில் கடல் நிலத்தைத் தின்னத் தொடங்கியது. ஒலுவில் தென்னந்தோப்புகள் கடலுக்குப் போயின. ஆற்றுவாயை ஆண்டுதோறும் அடைக்கும் அதே மணல்தான் இது. முகத்துவாரம் வெட்டும் எந்த மீனவரும் இதன் போக்கைச் சொல்லியிருப்பார்.

காட்டு முனையிலிருந்தும் இப்போது குரல் வருகிறது, நாடாளுமன்றத்திலிருந்து அல்ல. வேடருக்கு அங்கே ஒதுக்கிய ஆசனம் இல்லை. நம் மாவட்டத்தின் மகாஓயாப் பக்கம், பொல்லேபெத்தவில், சோளச் செய்கைக்காகக் காட்டை வெட்டியதை எதிர்த்து வேடர் தலைவர் ஊருவரிகே வன்னிலா அத்தோ 2020இல் சுற்றுச்சூழல் அமைப்பொன்றோடு சேர்ந்து மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார். பழங்குடிகளின் உரிமை பற்றிய ஐ.நா. பிரகடனத்துக்கு 2007இல் ஆதரவாக வாக்களித்த நாடு இது.

காடு வெட்டப்பட்ட சரிவில் மழை மண்ணுக்குள் அவ்வளவாக இறங்காது. வேரும் சருகும் இல்லாத தரையில் வழிந்து, மண்ணையும் இழுத்துக்கொண்டு, குறுகிய நேரத்தில் கீழே வந்து சேரும். எந்தப் படுகையில் வெட்டினாலும் விதி அதுதான். அம்பாறைக் கரையோர உறுப்பினர் ஒருவர் மாவடிப்பள்ளி வீதிக்கு நீளமான பாலம் கேட்கும் அதே உரையில், மேலே காட்டில் இருப்பவர்களின் நிலத்தையும் கேட்க வேண்டும். நீரளவு காட்டும் பலகையும், வெள்ளம் ஏறுமுன் தமிழில் வரும் அறிவிப்பும், தண்ணீர் ஏறியதும் வீதியை மூடும் அதிகாரம் உள்ள ஒருவரும் தாம்போதியில் அடுத்த மாரிக்கு முன்னரே இருக்க வேண்டியவை.