குண்டு வைத்துத் தகர்க்கப்பட்ட 414 வருஷ மசூதி... பழைய கற்களைத் தேடி எடுத்து மீண்டும் கட்டியது எப்படி?

போஸ்னியா நாட்டின் பான்யா லூகா நகரில் இருக்கிறது ஃபெர்ஹாதியா மசூதி. பார்க்க 16ஆம் நூற்றாண்டுக் கட்டடம் போலவே இருக்கும். ஆனா, இப்போது நிற்கும் கட்டடம் திறக்கப்பட்டது 2016இல்தான். அப்படியென்றால் இது பழைய மசூதியா, புது மசூதியா?

கட்டியது யார்?

ஒட்டோமான் பேரரசின் ஆளுநர் ஃபெர்ஹாத் பாஷா சோகோலோவிச் 1579இல் கட்டினார். இவர் பேரரசின் தலைமை அமைச்சராக இருந்த மெஹ்மத் பாஷா சோகோலோவிச்சின் உறவினர். அப்போது பான்யா லூகா, ஹாப்ஸ்பர்க் ஆட்சிப் பகுதிகளுக்கு அருகே இருந்த எல்லைப்புற நகரம்.

1575இல் நடந்த ஒரு சண்டையில் ஹாப்ஸ்பர்க் தளபதி ஹெர்பார்ட் ஆவர்ஸ்பெர்க் கொல்லப்பட்டார், அவருடைய மகன் பிடிபட்டார். அவரை விடுவிக்கக் கிடைத்த பிணைத்தொகையில்தான் மசூதி எழுந்தது என்பது அந்த ஊரில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை.

கட்டடத்தில் என்ன ஸ்பெஷல்?

இஸ்தான்புல்லின் சுலைமானியா மசூதிக்கு நான்கு மினாராக்கள். ஃபெர்ஹாதியாவுக்கு ஒன்றுதான். ஏன்? ஒன்றுக்கு மேற்பட்ட மினாராக்கள் வைப்பது சுல்தான் குடும்பத்துக்கே உரிய பெருமை. ஆளுநராகவே இருந்தாலும் ஒரு மினாராவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

அந்த ஒற்றை மினாராவின் உயரம் 40 மீட்டருக்கும் மேல். முகப்பில் நான்கு தூண்கள், அவற்றின் மேல் மூன்று சின்னக் குவிமாடங்கள். உள்ளே தொழுகைக் கூடத்துக்கு மேல் ஒரு பெரிய குவிமாடம். தொழுகைத் திசையைக் காட்டும் மிஹ்ராப் இருக்கும் பக்கம் மட்டும் கூடம் சற்று வெளியே நீள்கிறது. அதன் மேல் ஓர் அரைக் குவிமாடம். தலைநகரின் பெரிய மசூதிகளில் பார்க்கும் அமைப்பைச் சிறிய அளவில் மாகாணத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

வடிவமைத்தவர் பெயர் பதிவாகவில்லை. ஒட்டோமான் தலைமைக் கட்டடக் கலைஞர் மிமார் சினானின் வழிவந்தவர் என்று கருதப்படுகிறது. மசூதியைச் சுற்றிக் கல்லறை மண்டபங்கள், நீரூற்று, மணிக்கூண்டு என ஒரு வளாகமே இருந்தது.

1993இல் என்ன நடந்தது?

போஸ்னியப் போர் நடந்த காலம். பான்யா லூகா செர்ப் படைகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. நகருக்குள் சண்டை எதுவும் இல்லை. இருந்தும், மே 7 அதிகாலை ஃபெர்ஹாதியா வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. அதே இரவில் அர்னாவுதியா என்ற இன்னொரு பழைய மசூதியும் தரைமட்டம். போர் முடிவதற்குள் நகரின் 16 மசூதிகளும் அழிக்கப்பட்டன.

இடித்ததோடு விடவில்லை. இடிபாடுகளை லாரிகளில் அள்ளிக் குப்பைக் கிடங்கில் கொட்டினார்கள். மசூதி இருந்த இடம் வெறும் காலி மனையானது.

மறுபடி கட்டுவது ஏன் தாமதமானது?

அனுமதியே கிடைக்கவில்லை. விவகாரம் போஸ்னியாவின் மனித உரிமைத் தீர்ப்பாயம் வரை போனது. மீண்டும் கட்ட அனுமதி தர வேண்டும் என்று 1999இல் தீர்ப்பு வந்தது.

2001 மே 7 அன்று அடிக்கல் நாட்டு விழா. செர்ப் தேசியவாதிகளின் கும்பல் விழாவைத் தாக்கியது. ஒருவர் உயிரிழந்தார், பலர் காயமடைந்தனர். அடுத்த மாதம் பலத்த போலீஸ் பாதுகாப்போடுதான் அடிக்கல் நாட்ட முடிந்தது.

கற்களைத் தேடிய வேலை

கான்கிரீட்டில் அதே மாதிரி ஒரு மசூதியைச் சில வருஷங்களில் எழுப்பியிருக்கலாம். நிபுணர்கள் அதைச் செய்யவில்லை. குப்பைக் கிடங்கைத் தோண்டிப் பழைய கற்களை எடுத்தார்கள். பழைய போட்டோக்கள், அளவு வரைபடங்களோடு ஒப்பிட்டு, எந்தக் கல் எந்த இடத்தில் இருந்தது என்று அடையாளம் கண்டார்கள். பயன்படுத்தக்கூடிய கற்கள் திரும்பச் சேர்க்கப்பட்டன. மீதிக்குப் புதுக் கற்கள் செதுக்கப்பட்டன.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? ஏன்னா, குப்பையில் கொட்டியதன் நோக்கமே, இங்கே அப்படி ஒன்று இருந்ததற்கான சாட்சியை அழிப்பதுதான். ஒவ்வொரு பழைய கல்லும் அந்தச் சாட்சியைத் திருப்பிக் கொண்டுவருகிறது.

2016 மே 7, தகர்க்கப்பட்டு சரியாக 23 வருஷம் கழித்து, மசூதி திறக்கப்பட்டது. அப்போதைய துருக்கிப் பிரதமர் அகமது தாவுதோலு உட்பட ஆயிரக்கணக்கானோர் வந்திருந்தனர்.

மக்கள் திரும்பினார்களா?

1991 கணக்கெடுப்பில் பான்யா லூகாவில் முஸ்லிம்கள் சுமார் 28,500 பேர். 2013இல் போஸ்னியாக் முஸ்லிம்கள் 8,000க்கும் குறைவு. போரில் விரட்டப்பட்டவர்களில் பெரும்பாலானோர் திரும்பவில்லை.

ஆக, இது பழசா, புதுசா? இரண்டும்தான். கற்களைக் கண்டுபிடித்து அதே இடத்தில் வைக்க முடிந்தது. அங்கே தொழுத குடும்பங்களை அப்படித் திருப்பிக் கொண்டுவர முடியவில்லை.