தலைச்சன் பேறும் தொலைவூர் வாழ்க்கையும்

தலைச்சன் பிள்ளைப்பேறு தாய்வீட்டில் நடைபெற வேண்டும் என்பது நம் நாட்டுப் பழைய வழக்கம். வளைகாப்பு முடிந்த கையோடு பெண்ணைப் பிறந்தகத்திற்கு அழைத்துச் செல்வார்கள். இவ்வழக்கத்தின் உட்பொருள் யாது? பிரசவச் செலவைப் பெண்வீட்டார் ஏற்க வேண்டும் என்பது மட்டும் அன்று. முதன்முதலாகப் பிள்ளை பெறுபவளுக்குத் தன் உடம்பில் நிகழ்வது இன்னதென்று தெரியாது. அதனை எடுத்துச் சொல்லவல்ல ஒருத்தி இராப்பகலாக அருகில் இருக்க வேண்டும். தாயும் பாட்டியும் அத்தையும் சூழ்ந்திருந்த வீடு அந்தத் தேவையை நிறைவேற்றியது.

பிழைப்பின் பொருட்டு நாகபுரி போன்ற ஊர்களில் குடியேறிய நம் குடும்பங்களில் இவ்வழக்கம் முன்போல் நடைபெறுவதில்லை. சென்னைக்கும் நாகபுரிக்கும் இடையே ஏறக்குறைய 1,100 கிலோமீட்டர். ஊரிலுள்ள தாய்க்கு உடல்நலம் இல்லாமற்போகலாம்; பெண்ணுக்கு உத்தியோகம் இருக்கலாம்; பார்த்துவந்த டாக்டரை விட்டுப் போக மனம் இல்லாதிருக்கலாம். இவ்வாறு பல காரணங்களால் தலைச்சன் பேறு இங்கேயே நடைபெறுகிறது. அப்போது வீட்டில் இருப்பவர்கள் கணவனும் மனைவியும் மட்டுமே. ஆகவே, வலி கண்டது என்பதை எப்படி அறிவது, எப்போது புறப்படுவது, ஆஸ்பத்திரியில் என்ன நிகழும், அங்கே யார் உடனிருப்பது என்னும் நான்கு கேள்விகளுக்கும் முன்கூட்டியே விடை அறிந்துவைத்தல் நம் இல்லங்களுக்கு இன்றியமையாதது. நாம் வைத்தியர் அல்லோம், ரயில்வே குமாஸ்தா. டாக்டர்களிடம் கேட்டும், படித்தும், எங்கள் இல்லத்தில் கண்டும் அறிந்தவற்றையே ஈண்டு எழுதுகிறோம்.

பொய் வலியும் மெய் வலியும்

கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாட்கள் என்று கணக்கிட்டு டாக்டர் ஒரு தேதி குறித்துக் கொடுப்பார். அத்தேதியிலேயே பிறக்கும் குழந்தைகள் சிலவே. 37 வாரம் நிறைந்தபின் எந்நாளும் வலி காணலாம். ஆகையால் அப்போது முதலே ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.

கடைசி வாரங்களில் வயிறு இறுகித் தளர்வதுண்டு. இதனை நம் பாட்டிமார் சூட்டு வலி என்றும் பொய் வலி என்றும் கூறுவர். சீரகத்தைக் கொதிக்க வைத்த நீரைக் குடிக்கச் சொல்லி, வலி அடங்கினால் சூட்டு வலி, அடங்காவிடில் பிரசவ வலி என்று முடிவு செய்வர். சீரக நீரால் தீங்கில்லை; ஆனால் தீர்ப்பைச் சீரகத்திடம் விடாமல் கடிகாரத்திடம் விடுவதே நலம். பொய் வலி ஒழுங்கற்று வரும். சற்றுப் படுத்தாலோ நடந்தாலோ குறைந்துவிடும். மெய் வலியோ இடைவெளி குறுகிக்கொண்டே, வன்மை மிகுந்துகொண்டே வரும். படுத்தாலும் நடந்தாலும் விடாது. பெரும்பாலும் முதுகின் கீழ்ப்புறத்தில் தோன்றி முன்வயிற்றைச் சுற்றி வளைக்கும். வலி தொடங்கிய மணி, அது நீடித்த நேரம் ஆகியவற்றை ஒரு தாளில் கணவர் குறித்துக்கொண்டே வரலாம். ஐந்து நிமிஷத்திற்கு ஒருமுறை, ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு நிமிஷம், இவ்வாறு ஒரு மணி நேரம் தொடர்ந்தால் தலைச்சன்காரி புறப்பட வேண்டிய வேளை வந்துவிட்டது என்பது பொதுவான கணக்கு. ஆஸ்பத்திரி தொலைவில் இருப்பின் இன்னும் முன்னதாகவே புறப்பட வேண்டும்.

சில நிலைகளில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருத்தல் ஆகாது. பனிக்குடம் உடைந்து நீர் போனால், வலி இல்லாவிடினும் உடனே புறப்பட வேண்டும். நீரின் நிறம் பச்சையாக இருந்தால் அதனை மறவாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். சளி போன்ற கசிவில் சிறிது உதிரம் கலந்திருப்பது இயல்பே. மாதவிலக்குப் போல் இரத்தம் போவது இயல்பன்று. குழந்தையின் அசைவு குறைதல், தாங்கொணாத் தலைவலி, கண் மங்குதல், வலிப்பு, காய்ச்சல், 37 வாரத்திற்கு முன்பே வலி காணுதல் ஆகிய எவற்றுக்கும் காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு விரைய வேண்டும். வலியை வரவழைப்பதற்கென்று விளக்கெண்ணெய் கொடுப்பதை டாக்டரைக் கேளாமல் செய்யலாகாது.

ஒரு சொல்லால் வந்த இடர்

எங்கள் இல்லத்தில் நடந்ததை இங்கே கூறுவது பொருந்தும். எங்கள் மூத்த பெண் பிறந்தபோது என் மனைவி தென்காசிப் பக்கத்திலிருந்து இவ்வூருக்கு வந்து ஓராண்டே ஆகியிருந்தது. கடைத்தெரு இந்தி அளவே அவள் அறிவாள். ஊரில் அவள் தாயார் கால் எலும்பு முறிந்து படுக்கையில் இருந்தமையால், பேறு இங்கேயே என்று முடிவாயிற்று.

ஒரு நள்ளிரவில் வலி கண்டது. விடியுமுன் ஐந்து நிமிஷக் கணக்குக்கு வந்துவிடவே, நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்குச் சென்றோம். பெண்கள் பகுதியின் வாயிலோடு ஆடவரை நிறுத்திவிட்டனர். உள்ளே சென்றவள், நம் தமிழில் சொல்வது போலவே, தனக்கு இடுப்பு வலி என்பதைச் சொல்லுக்குச் சொல் இந்தியாக்கி, "கமர் மேம் தர்த்" என்றாள். தமிழில் இடுப்பு வலி என்றால் பிள்ளைப்பேற்று வலி என்பதைக் குழந்தையும் அறியும். இந்தியிலோ அது வெறும் முதுகுப்பிடிப்பு! கூட்டம் மிகுந்திருந்த அவ்வேளையில், நர்ஸ் அம்மையார் பலகை ஒன்றைக் காட்டிப் படுத்திருக்கச் சொல்லிப் போய்விட்டார். இரண்டு மணி நேரம் அவள் அப்பலகையில் கிடந்தாள். "வலியைக் காட்டிலும், இது வலியே அன்று என்று அவர்கள் நினைக்கிறார்களோ என்ற அச்சமே பெரிதாக இருந்தது; தலைச்சன் ஆகையால் எனக்கே ஐயம் வந்துவிட்டது" என்று பின்னர் அவள் கூறினாள்.

எதிர்வீட்டுத் திருநெல்வேலி அம்மாளை நாங்கள் ஆச்சி என்று அழைப்போம். முப்பது ஆண்டுகளாக இவ்வூரில் இருப்பவர். பொழுது விடிந்ததும் வந்து சேர்ந்த அவர், உள்ளே சென்று அவள் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் நர்ஸிடம் திரும்பி, மராத்தியில் "களா யேத் ஆஹேத்" என்றார். களா என்பது மராத்தியில் பிரசவ வலியைக் குறிக்க வழங்கும் சொல். உடனே பரிசோதித்தனர், கருப்பையின் வாய் ஆறு சென்டிமீட்டர் திறந்திருந்தது. அதன்பின் ஆச்சி அவளை விட்டு அகலவில்லை. "நான் இங்கனதான் இருக்கேன் தாயி, எங்கேயும் போகமாட்டேன்" என்று அவர் சொன்னதே மருந்தினும் மேலாக இருந்தது என்பாள் என் மனைவி. பகல் பதினொரு மணிக்குப் பெண் பிறந்தாள். தாயும் சேயும் நலமே.

பிரசவ அறையில் நிகழ்வது

பிரசவம் மூன்று கட்டங்களாக நடைபெறும். முதற்கட்டத்தில் கருப்பையின் வாய் சிறிது சிறிதாகத் திறந்து 10 சென்டிமீட்டர் ஆகும். இதன் தொடக்கப் பகுதி மிக மெதுவானது. தலைச்சன்காரிக்குப் பல மணி நேரம் நீடிக்கலாம். அப்போது உலாவலாம், டாக்டர் தடுக்காவிடில் கஞ்சியோ இட்லியோ நீரோ சிறிது உட்கொள்ளலாம், வலிக்கு இடையே கண்ணயரலாம்.

'இன்னும் ஆகவில்லையே' என்று வெளியே நிற்பவர் பதறுவதுண்டு. நியூயார்க்கில் இம்மானுவேல் ஃபிரீட்மன் என்னும் டாக்டர் 500 தலைச்சன் பிரசவங்களை ஆராய்ந்து 1955-இல் ஒரு வரைபடம் வெளியிட்டார். அதன் வழியே, மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறக்க வேண்டும் என்னும் கணக்கு உலகெங்கும் நெடுங்காலம் நின்றது. 2018-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பரிந்துரைகள் இதனைத் திருத்தின. வேகமான கட்டம் 5 சென்டிமீட்டரிலிருந்தே தொடங்குகிறது. தலைச்சனுக்கு அது வழக்கமாக 12 மணி நேரத்திற்குள் முடியும். தாயும் சேயும் நலமாயிருக்கையில் வேகம் குறைவு என்பது ஒன்றே ஆபரேஷனுக்கோ வேறு தலையீட்டுக்கோ காரணமாகாது என்று அவை கூறுகின்றன. பொறுமைக்கு இது நல்ல ஆதாரம்.

இரண்டாம் கட்டத்தில் முக்கும் உணர்ச்சி தானே எழும். தலைச்சனுக்கு இது வழக்கமாக மூன்று மணி நேரத்திற்குள் முடிந்துவிடும். மூன்றாம் கட்டத்தில் நஞ்சுக்கொடி வெளிப்படும். இரத்தப்போக்கைத் தடுக்க அப்போது ஊசி போடுவர். குழந்தையை உடனே தாயின் மார்பில் சேர்த்து, முதல் ஒரு மணி நேரத்திற்குள் சீம்பால் கொடுக்க வேண்டும். சேனை தொட்டு வைத்தலும் சர்க்கரைத் தண்ணீரும் வேண்டா.

உடனிருக்கும் ஒருத்தி

பிரசவ அறையில் தாய்க்கு உடன்துணை ஒருவர் இருப்பதை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. துணை இருந்தால் பிரசவ நேரம் குறைகிறது, ஆபரேஷனும் குறைகிறது என்று ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. நம் மத்திய சுகாதார அமைச்சகமும் 2016-இல் அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவத் துணையை அனுமதிக்க வழிகாட்டியது. தாமே பிள்ளை பெற்றறிந்த பெண்மணியே துணையாவது உகந்தது என்றும், அறையில் மறைவு வசதி இருப்பின் கணவரையும் அனுமதிக்கலாம் என்றும் அது கூறுகிறது. எனினும் எல்லா ஆஸ்பத்திரிகளிலும் நடைமுறை ஒன்றுபோல் இல்லை. ஆதலின் எட்டாம் மாதத்திலேயே டாக்டரைக் கேட்டு, வரப்போகிறவர் பெயரையும் சொல்லிவைத்தல் வேண்டும்.

தொலைவூரில் இத்துணைக்கு மற்றொரு பணியும் உண்டு, அது மொழி. வலி மிகுந்த நேரத்தில் கற்ற மொழியெல்லாம் மறந்து தாய்மொழி ஒன்றே நாவில் நிற்கும். தமிழும் இவ்வூர் மொழியும் அறிந்த ஒருத்தி அருகில் வேண்டும். அவ்வாறு அமையாவிடினும், கீழ்க்கண்ட இந்தித் தொடர்களைக் கர்ப்பிணி பலமுறை சொல்லிப் பழகிவைப்பது நன்று.

பிரசவ வலி தொடங்கிவிட்டது: டெலிவரி கா தர்த் ஷுரூ ஹோ கயா ஹை.
பனிக்குடம் உடைந்துவிட்டது: பானீ கீ தைலீ ஃபட் கயீ ஹை.
இரத்தம் போகிறது: கூன் ஜா ரஹா ஹை.
குழந்தையின் அசைவு குறைந்துவிட்டது: பச்சே கீ ஹல்சல் கம் ஹோ கயீ ஹை.

நர்ஸ் கூறுவனவற்றுள் மூன்றை அறிந்தால் போதும். "லம்பீ ஸான்ஸ் லோ" என்றால் மூச்சை நன்றாக இழு. "ஜோர் லகாவோ" என்றால் முக்கு. "ஜோர் மத் லகாவோ" என்றால் இப்போது முக்காதே.

முன்னேற்பாடுகள்

பரிசோதனைச் சீட்டுகள், ஸ்கேன் அறிக்கைகள், இரத்த வகைக் குறிப்பு, அடையாள அட்டை, தாய் சேய் அட்டை, துணிமணிகள் ஆகியவற்றை 36-ஆம் வாரத்திலேயே ஒரு பையில் இட்டு வைக்க வேண்டும். 108, 102 ஆகிய ஆம்புலன்ஸ் எண்களைச் சுவரில் எழுதி ஒட்டுக. 2011-இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி, அரசு ஆஸ்பத்திரிகளில் சுகப் பிரசவமாயினும் ஆபரேஷனாயினும் மருந்து, பரிசோதனை, உணவு, வண்டி ஆகியவை இலவசம். அயலூரார் என்று தயங்க வேண்டுவதில்லை.

தாய்வீட்டிற்கே செல்வோர், டாக்டரின் ஒப்புதல் பெற்று, கடைசி மாதம் வரை காத்திராமல் முன்னதாகவே பயணப்படுக. தனியே பயணம் செய்யும் கர்ப்பிணிகளுக்கு ரயிலில் கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு உண்டு. வழியில் மருத்துவ உதவி வேண்டின் 139 என்ற எண்ணுக்குப் பேசலாம். தமிழ்நாட்டில் கர்ப்பத்தைப் பதிந்து பெறும் 'பிக்மி' எண்ணைப் பிறப்புப் பதிவின்போது கேட்பர். சென்றவுடன் அப்பதிவைச் செய்துகொள்ளுதல் நலம்.

சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம்

பொங்கல் விழாவும் நாடகமும் நம் சங்கம் குறைவற நடத்தி வருகிறது. அத்துடன் இச்சிறு பணியையும் ஏற்குமாறு வேண்டுகிறோம். பிள்ளை பெற்றறிந்தவர்கள், இந்தியோ மராத்தியோ பேச வல்லவர்கள், இரவிலும் கூப்பிட்டால் வரக்கூடியவர்கள் என்னும் இம்மூன்றும் அமைந்த தாய்மார்களின் பெயர்களை மாதர் பிரிவினர் பேட்டை வாரியாகத் தொகுத்து வைத்துக்கொள்ளட்டும். வீட்டில் கர்ப்பிணி உள்ளவர்கள் ஏழாம் மாதத்திலேயே தெரிவித்தால், அருகிலுள்ள அம்மையார் ஒருவர் முன்னதாகவே வந்து பழகிக்கொள்ளலாம். இதற்கு நிதி திரட்ட வேண்டுவதில்லை, கட்டடமும் வேண்டுவதில்லை.

ஊரில் ஒரு வீடு முழுதும் கூடிச் செய்ததை இங்கே ஒரு சங்கம் கூடிச் செய்ய இயலும். பெயர் கொடுக்க விரும்பும் தாய்மார்கள் அடுத்த மாதாந்திரக் கூட்டத்திலேயே முன்வருவார்களாக.