கயிற்றுப் பம்பும் வெயில் தொட்டியும்

கடன் மனுக்களைப் பரிசீலிக்கையில், பத்து சென்ட் காய்கறித் தோட்டத்திற்கும் எஞ்சின் கேட்டு வரும் மனுக்களை நாம் காண்கிறோம். அத்துணைச் சிறு பாத்தியின் விளைச்சலைத் தவணைகளே விழுங்கிவிடும். அத்தகைய அங்கத்தினர்கள் முதலில் கயிற்றுப் பம்பைப் பற்றி ஆலோசித்தல் நலம். நிகராகுவா நாட்டுக் குடியானவர்களிடையே 1980களிலும் அதன் பின்னும் பரவிய சாதனம் இது.

கிணற்றின் மேல், பழைய டயரின் ஓரங்களை அறுத்துச் சேர்த்த ஒரு சக்கரம். அதன்மேல் இரு முனைகளும் இணைத்த நைலான் கயிறு. கயிற்றில் ஒரு மீட்டருக்கு ஒன்றாக ரப்பர் வில்லைகள். கயிற்றின் ஏறும் பக்கம் பி.வி.சி. குழாயினுள் செல்லும். கைப்பிடியைச் சுற்ற, ஒவ்வொரு வில்லையும் தனக்கு மேலுள்ள நீரைத் தூக்கி வரும். வில்லைதான் இதன் உயிர். அது இறுகினால் கை சலிக்கும். தளர்ந்தால் நீர் கீழே வழிந்துவிடும். பருத்திக் கயிறு போடலாமே என நம் நெசவாளர் கேட்கக்கூடும். அது நீரில் மக்கிவிடும். உறிஞ்சும் பம்பு நடைமுறையில் ஏழு மீட்டருக்குக் கீழே திணறும். இதுவோ உறிஞ்சுவதில்லை, தூக்குகிறது. ஆகவே 10 மீட்டர் ஆழத்திலிருந்தும் நிமிடத்திற்குச் சுமார் 40 லிட்டர் கிடைக்கும்.

சாயம் தோய்ப்போருக்கு வெயிலே விறகு. உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ ஒரு கிலோவாட் சக்தி விழுகிறது. அவ்வளவு பரப்புள்ள ஆழமற்ற தகரத் தொட்டிக்குக் கறுப்பு வர்ணம் பூசி, உமி நிரப்பிய பெட்டியில் வைத்துக் கண்ணாடியால் மூடுக. பாதி சேதமானாலும் ஒரு மணி நேரத்தில் 14 லிட்டர் நீர் 30 டிகிரி சூடேறும். கொதிக்காது; எனினும் அடுப்பில் எரியும் விறகு பெரிதும் குறையும். உமி நனைந்தால் வெப்பம் நில்லாது. மழைக்காலத்தில் பெட்டியைத் திண்ணையில் ஏற்றி வைத்தல் அவசியம்.