எறையூரில் ஷூ, சிங்கப்பூரில் வழக்கு

திருச்சிக்காரர்களுக்கு ஐகோர்ட் என்றால் மதுரை. ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் பெரம்பலூருக்கும், அதை ஒட்டிய அரியலூருக்கும் சென்னை. மதுரைக் கிளை 2004இல் வந்தபோது இந்தப் பகுதி அதன் எல்லைக்குள் போகவில்லை. இங்கே தொழில் செய்பவர்களின் வழக்கு இனிமேல் சென்னையையும் தாண்டிப் போகலாம்.

பெரம்பலூர் மாவட்டத்து எறையூரில் சிப்காட் தொழிற்பூங்கா 2022 நவம்பரில் திறக்கப்பட்டது. அமெரிக்க பிராண்டான க்ராக்ஸின் செருப்புகள் இப்போது அங்கே தயாராகின்றன. அரியலூர் மாவட்டத்து ஜெயங்கொண்டத்தில் தைவானின் டீன் ஷூஸ் நிறுவனத்தின் 1,000 கோடி ரூபாய் ஆலைக்கு 2024 நவம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். வேலைவாய்ப்பு பற்றி எல்லாரும் எழுதியாகிவிட்டது. இந்த மாதிரி ஏற்றுமதி ஒப்பந்தங்களின் கடைசிப் பக்கங்களில், தகராறு வந்தால் எங்கே தீர்ப்பது என்று ஒரு ஷரத்து இருக்கும். அதைப் பற்றித்தான் பேச்சே இல்லை.

ஒரு பேச்சுக்கு, ஷூ ஆலை ஒன்றுக்குத் தைவான் வியாபாரி இரண்டு லட்சம் ஜோடி ஆர்டர் கொடுக்கிறார். சரக்கு போய்ச் சேர்ந்ததும், சோல் ஒட்டு விடுகிறது என்று பணத்தை நிறுத்துகிறார். நீங்கள் சொன்ன பசையைத்தானே வாங்கினோம் என்கிறது ஆலை. வழக்கு எங்கே? இப்படிப்பட்ட ஷரத்து பெரும்பாலும் தகராறை நீதிமன்றத்துக்குப் பதில் நடுவரிடம் அனுப்பும். அதில் 'சீட்', அதாவது நடுவர் விசாரணையின் சட்டபூர்வ இருப்பிடம், என்று எந்த ஊரைப் போட்டிருக்கிறார்களோ, அந்த ஊர்ச் சட்டத்தின் நிழலில்தான் நடுவர் தீர்ப்பாயம் நடக்கும். சாட்சி விசாரணையைச் சென்னை ஹோட்டல் ஒன்றிலோ வீடியோவிலோ வைத்துக்கொள்ளலாம்; சீட் மாறாது. தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லி ஓட வேண்டியதும் அந்த ஊர் நீதிமன்றத்துக்குத்தான். சீட் வெளிநாடாக இருந்தால் இந்திய நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2012இல் 'பால்கோ' வழக்கில் முடிவு கட்டிவிட்டது.

தைவான்காரர் தன் ஊரான தாய்பேயையே சீட்டாகக் கேட்டால்? கேட்பது இயல்பு. ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. வெளிநாட்டு நடுவர் தீர்ப்புகளைப் பரஸ்பரம் நிறைவேற்றித் தருவதற்கான நியூயார்க் உடன்படிக்கை 1958இல் உருவானது. இந்தியா 1960இல் சேர்ந்தது. தைவான் அதில் இல்லை. இந்தியச் சட்டமோ, உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளிலும் மத்திய அரசு அரசிதழில் அறிவித்த பகுதிகளின் தீர்ப்புகளை மட்டுமே ஏற்கும். தாய்பேயில் ஜெயித்தவர் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு சென்னைக்கு வந்தால், இந்த வழியில் ஒரு ரூபாயைக்கூட வசூலிக்க முடியாது. சிங்கப்பூர் அறிவிக்கப்பட்ட நாடு. அங்குள்ள சர்வதேச நடுவர் மையத்தின் வெளிநாட்டுக் கட்சிக்காரர்களில் இந்தியர்கள் பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன்.

சிங்கப்பூர், லண்டன் என்று போனால் எதிரே பாரிஸ்டர் உட்கார்ந்திருக்க வாய்ப்பு அதிகம். நமக்கு பாரிஸ்டர் என்றதும் 'கௌரவம்' படத்து சிவாஜிதான் நினைவுக்கு வருவார். இந்தியாவில் 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டத்துக்குப் பிறகு எல்லாரும் ஒரே வகை, அட்வகேட். இங்கிலாந்தில் இன்னும் இரண்டு வகை: கட்சிக்காரரிடம் பேசி ஆவணங்களைத் திரட்டுபவர் சொலிசிட்டர், வாதாடுபவர் பாரிஸ்டர். பாரிஸ்டர்கள் பெரும்பாலும் சொந்தமாகத் தொழில் செய்பவர்கள். வாடகையையும் குமாஸ்தாவையும் பகிர்ந்துகொண்டு 'சேம்பர்ஸ்' என்ற ஒரே இடத்தில் இருப்பார்கள். அதனால் ஒரே சேம்பர்ஸைச் சேர்ந்த இருவர் எதிரெதிர்த் தரப்பில் நிற்பது அங்கே சகஜம். நம்மூர்க் கட்சிக்காரருக்கு முதல்முறை பார்க்கும்போது வயிற்றைக் கலக்கும்.

சிவாஜி பாணியில் குரலை உயர்த்துவதற்கு அங்கே நேரமும் இல்லை. இரு தரப்புக்கும் இத்தனை மணி நேரம் என்று முன்பே பிரித்துக் கொடுத்துவிடுவது வழக்கம். சாட்சியின் முதல் வாக்குமூலம் எழுத்திலேயே தாக்கலாகிவிடும். நேரில் நடப்பது குறுக்கு விசாரணை. பசை லைன் சூப்பர்வைசரை மொழிபெயர்ப்பாளர் துணையோடு உட்கார வைத்து, "மார்ச் 14 இரண்டாவது ஷிப்டில் ஹீட்டர் ரெஜிஸ்டரில் ஏன் எட்டு வரி காலி?" என்று பாரிஸ்டர் கேட்பார். பெரிய வாதங்களைவிட இந்த எட்டு வரி காலிதான் வழக்கைச் சாய்க்கும்.

வெளிநாட்டு வக்கீல் இங்கே வந்து வாதாடலாமா என்ற சண்டை சென்னை ஐகோர்ட்டிலும் நடந்தது. வழக்கறிஞர் ஏ.கே. பாலாஜி போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2018 மார்ச்சில் முடிந்தது. அன்றைய தீர்ப்பின்படி, இந்தியாவில் அவர்கள் தொழில் நடத்த முடியாது. எப்போதாவது வந்து ஆலோசனை சொல்லிவிட்டுப் போகலாம். சர்வதேச வணிக நடுவர் விசாரணைக்கு வருவதையும், விதிகளுக்கு உட்பட்டு, அடியோடு தடுக்க முடியாது என்றது தீர்ப்பு.

சரி, தீர்ப்பு வந்துவிட்டது. வசூல்? வெளிநாட்டு நடுவர் தீர்ப்பை நிறைவேற்றக் கேட்டு மாவட்ட நீதிமன்றத்துக்குப் போக முடியாது. 2015 திருத்தத்துக்குப் பிறகு ஐகோர்ட்தான். அங்கே பசை நல்லதா கெட்டதா என்று மறுபடி கிளற விடமாட்டார்கள். நோட்டீஸ் வரவில்லை, அதிகாரத்தை மீறினார்கள், பொதுக்கொள்கைக்கு விரோதம் என்பது போன்ற சில காரணங்களுக்கு மட்டுமே இடம். விசாரணை முடிவதற்குள் கிடங்குச் சரக்கை நகர்த்திவிடுவார்கள் என்ற பயமிருந்தால், சீட் இந்தியா அறிவித்த வெளிநாட்டில் இருந்தாலும், ஒப்பந்தம் விலக்காதவரை, இடைக்காலத் தடை கேட்டு ஐகோர்ட்டுக்கு வரலாம்.

வேடிக்கை என்னவென்றால், லண்டன் நடுவரின் தீர்ப்பு சென்னைக்குப் போக வேண்டும். லண்டன் ஐகோர்ட்டின் பண டிக்ரியைப் பெரம்பலூர் மாவட்ட நீதிமன்றத்திலேயே நிறைவேற்றச் சொல்லித் தாக்கல் செய்யலாம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவு அப்படி. அமெரிக்க நீதிமன்றத் தீர்ப்புக்கு அந்தச் சலுகை கிடையாது. அதை வைத்து இங்கே புதிதாக வழக்குப் போட வேண்டும்.

அரியலூர் சிமென்ட் வட்டாரத்துக்கு இந்த உலகம் புதிதல்ல. சூளைகளுக்கு நிலக்கரியும் பெட்கோக்கும் காரைக்கால் துறைமுகம் வழியாகக் கப்பலில் வருகின்றன. ரயில்வே சைடிங்கில் வேகன் காத்திருந்தால் விழும் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் இங்குள்ளவர்களுக்கு அத்துப்படி. கப்பல் காத்திருந்தாலும் அதே டெமரேஜ்தான், டாலரில். கப்பல் வாடகை ஒப்பந்தங்களில் லண்டன் நடுவர் ஷரத்து பல காலமாக வழக்கத்தில் உள்ளது.

ஆலைக்கு அட்டைப்பெட்டியும் லேஸும் கொடுக்கும் உள்ளூர்ச் சிறு தொழில்முனைவோர் இந்த உயரத்துக்கு ஏற வேண்டியதில்லை. வாங்குபவர் இந்தியாவில் பதிவான கம்பெனி, பணம் 45 நாளைத் தாண்டி நிலுவை என்றால், குறு, சிறு தொழில்களுக்கான வசதியாக்கக் கவுன்சிலில் மனுப் போடலாம். ஒப்பந்தத்தில் நடுவர் ஷரத்து இருப்பது மட்டுமே இதற்குத் தடையாகாது என்று உச்ச நீதிமன்றம் 2022இல் சொல்லியிருக்கிறது. உத்யம் என்ற சிறுதொழில் பதிவை மட்டும் ஆர்டர் எடுப்பதற்கு முன்பே முடித்துவிடுவது நல்லது. கவுன்சில் திருச்சியிலேயே இருக்கிறது.