சிறுமிகளுக்கென்று ஒரு திடல்

அமெரிக்காவில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி பேஸ்பால் ஆட விரும்பினால் அவளைத் தடுக்க இன்று எந்த விதியும் இல்லை. பக்கத்துத் திடலில் பையன்கள் ஆடும் அணியில் அவளும் பெயர் கொடுக்கலாம். ஆனால், பன்னிரண்டு பதின்மூன்று வயதைத் தொடும்போது அவளைப் போன்றவர்களில் பலர் அந்தத் திடலில் இருப்பதில்லை. அனுமதி கிடைத்து ஐம்பது ஆண்டுகள் கடந்த பிறகும் ஏன் இந்த நிலை? இந்தக் கேள்விக்கு விடை தேடிய பெற்றோரும் பயிற்றுநர்களும்தான் சிறுமிகளுக்கென்று தனி பேஸ்பால் அணிகளை ஊர் ஊராகத் தொடங்கி வருகின்றனர்.

மலேசிய, சிங்கப்பூர்ப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு சாப்ட்பால் பழகிய விளையாட்டுதான். பேஸ்பாலும் அதுவும் ஏறக்குறைய ஒன்று என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. அமெரிக்காவிலும் பையன்களுக்கு பேஸ்பால், பெண்பிள்ளைகளுக்கு சாப்ட்பால் என்பது எழுதப்படாத வழக்கம். உண்மையில் இவை இரண்டும் வேறு. சாப்ட்பால் பந்தின் சுற்றளவு ஏறத்தாழ 12 அங்குலம். பேஸ்பால் பந்து 9 அங்குலம்தான். சாப்ட்பாலில் பந்தைக் கீழிருந்து கையைச் சுழற்றி வீசுவார்கள். பேஸ்பாலில் தோளுக்கு மேலிருந்து வீசலாம். சாப்ட்பாலில் ஒரு தளத்திலிருந்து அடுத்த தளத்துக்கு 60 அடி ஓட வேண்டும். பெரியவர்களின் பேஸ்பாலில் அது 90 அடி. பூப்பந்து ஆட ஆசைப்படும் பிள்ளையின் கையில் மேசைப்பந்து மட்டையைக் கொடுத்து, எல்லாம் ஒன்றுதான் என்று சொன்னால் அது ஏற்றுக்கொள்ளுமா?

பின்னலை வெட்டிய சிறுமி

சிறுவர் பேஸ்பாலை ஊர் அளவில் நடத்தும் மிகப்பெரிய அமைப்பு லிட்டில் லீக். 1950ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தின் கார்னிங் நகரில் கேத்ரின் ஜான்ஸ்டன் என்ற சிறுமி, பின்னலை வெட்டிவிட்டு 'டப்பி' என்ற பெயரில் பையனாகச் சேர்ந்து ஆடினாள். அதன்பின், எந்த நிலையிலும் சிறுமிகளுக்கு இடமில்லை என்று 1951இல் விதியே எழுதிவிட்டார்கள். அந்த விதிக்கு அவளுடைய பெயரே ஒட்டிக்கொண்டது.

அது இருபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. 1972இல் நியூஜெர்சி மாநிலம் ஹோபோக்கனில் 12 வயது மரியா பெப்பே அணியில் சேர்க்கப்பட்டாள். அவள் ஆடியது மூன்றே ஆட்டங்கள். அவளை நீக்காவிட்டால் ஹோபோக்கன் அணிகளின் உரிமமே பறிபோகும் என்று தலைமையகம் எச்சரித்தது. மற்றப் பிள்ளைகளின் ஆட்டமும் நின்றுவிடக்கூடாதே என்று அவள் விலக நேர்ந்தது. தேசிய மகளிர் அமைப்பு இந்த விவகாரத்தை மாநில மனித உரிமைப் பிரிவுக்குக் கொண்டு சென்றது. 1973 நவம்பரில் விசாரணை அதிகாரி சில்வியா பிரெஸ்லர் சிறுமிகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். 1974இல் லிட்டில் லீக் சிறுமிகளை அனுமதித்தது. அவ்வாண்டு டிசம்பரில் அதன் கூட்டரசுச் சாசனத்திலும் 'சிறுவர்' என்ற சொல் 'இளையோர்' என்று மாறியது. ஆனால், மரியாவுக்கு அப்போது வயது கடந்துவிட்டது. மற்றவர்களுக்கு உரிமை கிடைத்தது. அவளுக்கு ஆட்டம் கிடைக்கவில்லை.

அதே 1974இல் லிட்டில் லீக் இன்னொன்றையும் செய்தது. பெண்பிள்ளைகளுக்கான சாப்ட்பால் பிரிவைத் தொடங்கியது. பேஸ்பாலில் சேர வரும் சிறுமிக்கு, உனக்கான வரிசை அங்கே இருக்கிறது என்று பக்கத்துத் திடலைச் சுட்டிக்காட்டுவது அதன்பின் எளிதாகிவிட்டது. கல்லூரிகளும் இதற்குத் துணைபோயின. கல்வியில் ஆண் பெண் பாகுபாட்டைத் தடை செய்யும் 1972ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பிறகு கல்லூரிகளில் மகளிர் விளையாட்டு வேகமாக வளர்ந்தது. அங்கே பெண்களுக்கு வளர்ந்தது சாப்ட்பால்தான். மகள் பேஸ்பாலில் கெட்டிக்காரி என்றாலும் உபகாரச் சம்பளம் சாப்ட்பாலுக்குத்தான் கிடைக்கும் என்று தெரிந்த பெற்றோர் வேறு என்ன செய்வார்கள்? அவர்களைக் குறை சொல்வதற்கில்லை.

இதற்குக் கண்கூடான உதாரணம் மோனே டேவிஸ். 2014இல் பிலடெல்பியாவைச் சேர்ந்த 13 வயதுச் சிறுமியான அவள், லிட்டில் லீக் உலகத் தொடரில் எதிரணியை ஓர் ஓட்டம்கூட எடுக்கவிடாமல் வென்றாள். ஒரு சிறுமி அப்படிச் சாதித்தது அதுவே முதல் முறை. மணிக்கு 110 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் பந்து வீசிய அவளுடைய படம் 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்டிரேட்டட்' இதழின் அட்டையில் வந்தது. நாடே கொண்டாடிய அந்தப் பந்துவீச்சாளர் கல்லூரிக்குப் போனபோது ஆடியது சாப்ட்பால். 16 அணிகள் கலந்துகொண்ட அந்த 2014 தொடரில் சிறுமிகள் மொத்தம் இருவர் என்பதும் கவனிக்கத்தக்கது.

ஒருத்தியாக நிற்பது

தனி அணி வேண்டும் என்பவர்களின் வாதம் இங்கேதான் பிறக்கிறது. விதி திறந்துவிட்டது உண்மை. ஆனால், பன்னிரண்டு பதின்மூன்று பையன்களுக்கு நடுவில் ஒரே ஒரு சிறுமியாக நிற்பது பலருக்கு எளிதன்று. உடை மாற்றத் தனியிடம் இருக்காது. அவள் ஒரு பந்தைத் தவறவிட்டால் அவளைச் சொல்லமாட்டார்கள். பெண்பிள்ளைகளே இப்படித்தான் என்பார்கள். பையன் தவறவிட்டால் அது அவனோடு போய்விடும். இதற்கிடையே 12 வயதுக்கு மேல் திடலின் அளவு பெரிதாகிறது. பையன்களின் உடல்வலு கூடுவதும் அந்த வயதில்தான். போதாக்குறைக்கு, சாப்ட்பாலுக்கு எப்போது மாறப்போகிறாய் என்ற கேள்வி ஒவ்வொரு பருவமும் வரும். துணைக்கு ஒருத்திகூட இல்லாதபோது விலகுவதுதான் சுலபம்.

கிளீவ்லாந்தில் வளர்ந்த ஜஸ்டின் சீகல் 13 வயதில் இதைச் சந்தித்தார். பெண் என்பதால் அவர் தம் அணியில் வேண்டாம் என்று பயிற்றுநர் ஒருவர் சொல்லிவிட்டார். சீகல் விலகவில்லை. 2009இல் ஆண்கள் தொழில்முறை அணிக்குப் பயிற்றுநரான முதல் பெண் என்ற பெயரை எடுத்தார். 2015இல் ஓக்லாந்து ஏ'ஸ் குழுவில் விருந்துப் பயிற்றுநராகவும் இருந்தார். சிறுமிகளின் பேஸ்பாலுக்காக அவர் தொடங்கிய அமைப்பு 'பேஸ்பால் ஃபார் ஆல்'. ஊர்களில் சிறுமியர் அணிகளை உருவாக்குவதே அதன் முக்கியப் பணி.

இந்த எண்ணம் அவரோடு தொடங்கியதன்று. ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பழைய பஞ்சாலை நகரமான பாவ்டக்கெட்டில் 1973 முதல் சிறுமிகளுக்கென்றே ஒரு பேஸ்பால் லீக் இயங்குகிறது. இன்று 'ஸ்லேட்டரெட்ஸ்' என்று அழைக்கப்படும் அது, அந்நாட்டின் மிகப் பழைய மகளிர் பேஸ்பால் லீக்காகக் கருதப்படுகிறது. அதே நகரத்துச் சிறுவர் லீக் பத்து வயதுச் சிறுமி ஒருத்தியை ஏற்க மறுத்த வழக்கும் உண்டு. சிறுமிகளின் எலும்பு எளிதில் முறியும் என்ற மருத்துவர் ஒருவரின் கருத்தைக் கீழ் நீதிமன்றம் ஏற்றது. 1975இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளியது. ஆட்டங்கள் நடப்பது நகராண்மைக்குச் சொந்தமான திடல்களில். பொதுச் சொத்தைப் பயன்படுத்திக்கொண்டு பாதிப் பிள்ளைகளை வெளியே நிறுத்த முடியாது என்பதே வழக்கின் சாரம்.

அந்தத் திடல் விவகாரம் இன்னும் தீர்ந்தபாடில்லை. புதிதாக ஒரு சிறுமியர் அணி தொடங்க மட்டையும் கையுறையும் கிடைப்பது பெரிய காரியமன்று; பழையதை இரவல் வாங்கலாம். திடலில் நேரம் கிடைப்பதுதான் கடினம். பல ஊர்களில் மாலை நேரங்களும் சனிக்கிழமைகளும் ஏற்கெனவே உள்ள அணிகளுக்கு ஆண்டுதோறும் அப்படியே ஒதுக்கப்பட்டுவிடும். புதிதாக வருபவர்களுக்கு மிஞ்சுவது யாருக்கும் வேண்டாத நேரம். அதனால் பலர் முதலில் ஒரே ஒரு நாள் இலவசப் பயிற்சி முகாம் நடத்துகின்றனர். எத்தனை சிறுமிகள் வந்தார்கள் என்ற பட்டியலை வைத்துக்கொண்டு நகராண்மைக் கழகத்திடம் பேசுவது, வெறுங்கையோடு போய்க் கேட்பதைவிட எவ்வளவோ மேல். ஆள் குறைவாக இருக்கும் தொடக்கத்தில் எட்டு வயதும் பதினொரு வயதும் ஒன்றாகவே ஆட வேண்டியிருக்கும். பயிற்றுநர்களில் பெண்கள் இருப்பது அவசியம் என்றும் இதில் ஈடுபட்டவர்கள் வலியுறுத்துகின்றனர்.

கனடாவின் டொரொன்டோவிலும் 2016இல் இப்படித்தான் ஒரு தாய் சிறுமியர் லீக் தொடங்கினார். அவருடைய மகள் அதற்குமுன் ஆடிய இடத்தில் அவள் ஒருத்திதான் பெண்பிள்ளை. அந்த முயற்சி பின்னர் மற்ற மாநிலங்களுக்கும் பரவியது.

பிரித்து வைப்பதா?

இதற்கு எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. நீதிமன்றம் ஏறிப் பெற்ற உரிமையை விட்டுவிட்டு மறுபடியும் பிரித்து வைப்பதா என்று கேட்கின்றனர். நியாயமான கேள்விதான். சிறுமியர் அணி இருக்கிறதே என்று காரணம் காட்டி, கலப்பு அணியில் சேர வருபவளைத் திருப்பி அனுப்பினால் அது 1974இல் சாப்ட்பாலைக் காட்டி அனுப்பியதைப் போன்றதுதான். ஆகவே இரண்டும் இருக்க வேண்டும், தேர்வு அவளுடையது என்பதே பொருத்தமாகப் படுகிறது. நடைமுறையில் பல சிறுமிகள் இரண்டிலும் ஆடுகின்றனர்.

ஜப்பானில் உயர்நிலைப்பள்ளி மாணவியருக்கென்று தேசிய பேஸ்பால் போட்டி 1997இல் தொடங்கியது. 2021இல் அதன் இறுதியாட்டம், பையன்களின் கனவுத் திடலான கோஷியனில் முதன்முதலாக நடந்தது. மகளிர் உலகக் கிண்ணத்தின் முதல் இரண்டு போட்டிகளில், 2004, 2006ஆம் ஆண்டுகளில், அமெரிக்கா வென்றது. 2008 முதல் 2024 வரை ஏழு முறையும் கிண்ணம் ஜப்பானுக்கே போயிருக்கிறது. பள்ளி வயதிலேயே போதிய எண்ணிக்கையில் ஆட விடுவதன் பலன் அதில் பெருமளவு தெரிகிறது.

அமெரிக்காவில் 2015 முதல் சிறுமியர் அணிகளுக்கென்று தேசியப் போட்டி நடக்கிறது. சீகலின் அமைப்புதான் அதை நடத்துகிறது. தனி லீக் இல்லாத ஊர்களிலிருந்து, அங்கொருத்தி இங்கொருத்தியாக ஆடிக்கொண்டிருந்தவர்களைச் சேர்த்து அணி அமைத்துக்கொண்டு வருபவர்களும் உண்டு. 2025 ஆகஸ்டில் மகளிர் தொழில்முறை லீக் ஒன்றுக்கான தேர்வு முகாம் வாஷிங்டனில் நடந்தபோது நூற்றுக்கணக்கானோர் திரண்டனர். அந்த வரிசையில் 24 வயது மோனே டேவிஸும் கையுறையோடு நின்றார்.